அடைத்த சாலையில் நடந்தவர்கள்

போன வாரம் கலைவாணி போனில் கூப்பிட்டாள். நான் பணியில் இருந்தபோது என் கீழே காவலராகச் சேர்ந்த பெண். இப்போது போக்குவரத்துப் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டர்.

"மேடம், வாகனமில்லா ஞாயிறு மறுபடி ஆரம்பிக்கிறாங்க. அதே ரோடுதான். பந்தோபஸ்து ஸ்கெட்ச் நான் போடணும். நெனச்சாலே வயித்தக் கலக்குது. நீங்க அப்ப எப்படிப் போட்டீங்க, சொல்லுங்களேன்" என்றாள்.

ஸ்கெட்சைப் போனிலேயே சொல்லிவிட்டேன். எந்தச் சந்தில் தடுப்பு, எந்த முனையில் ஆம்புலன்ஸ், பஸ்ஸை எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் வாயால் சொல்ல முடிகிற சமாச்சாரம். வயிற்றைக் கலக்குவதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. எனக்கும் கலக்கிக்கொண்டுதான் இருந்தது, கடைசி வரைக்கும். அவளுக்குச் சொல்லாமல் விட்ட அந்த மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. டெல்டாவில் ஒரு நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தப்பட்டவர்கள் பலர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சில மணி நேரத்துக்கு ஊரின் பெரிய சாலை ஒன்றை இரண்டு முனையிலும் அடைத்துவிடுவார்கள். கார், பைக், பஸ் எதுவும் கிடையாது. சாலை முழுக்க மனிதர்களுக்குத்தான். நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் விடலாம், நடுரோட்டில் இறகுப்பந்து ஆடலாம். மேடை போட்டுப் பாட்டு வைத்து, கை காலை அசைக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வீடு சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வந்துவிட்ட காலத்தில் ஜனங்களைக் கொஞ்சம் உடம்பை வளைக்க வைக்க வேண்டும் என்பது நோக்கம். வருகிறவர்களுக்கு அது திருவிழா. தடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற போலீசுக்கு அது மூடிய பாத்திரத்தில் கொதிக்கிற பால்.

நான் பிறந்தது வெண்ணாற்றுக்குத் தெற்கே ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில். அப்பாவும் அம்மாவும் மிராசுதார் வயலில் கூலி வேலை செய்தவர்கள். எனக்கு ஓர் அக்கா, லூர்துமேரி. அக்காவை நடவுக்கு அனுப்பிவிட்டு என்னைக் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கு அனுப்பினார்கள். வீட்டில் ஒருத்தியைத்தான் படிக்க வைக்க முடியும் என்ற நிலை. நான் போலீசில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினோம், கவாத்து செய்தோம், அழுதோம், திரும்ப ஓடினோம். பிறகு மகளிர் காவல் நிலையம், நீதிமன்றக் காவல், அமைச்சர்கள் வரும்போது வெயிலில் நிற்பது. ஆட்சி இந்தக் கழகத்துக்கும் அந்தக் கழகத்துக்குமாக மாறி மாறிப் போனது. வெயில் மட்டும் மாறவில்லை. கடைசியில் போக்குவரத்துப் பிரிவுக்கு வந்து சிறப்பு எஸ்.ஐ. ஆனேன்.

அங்கேதான் இன்ஸ்பெக்டர் தனசேகரன் எனக்கு மேலதிகாரியாக வந்தார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. எந்த பந்தோபஸ்துக்கும் முன்னால் அந்த இடத்தை நடந்தே பார்ப்பார், ஜீப்பில் போக மாட்டார். நாம் ஒரு திட்டத்தைச் சொன்னால் முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்பார். அதற்குப் பதில் சொன்னால் மறுபடியும், "அப்புறம்?" நம்மிடம் பதில் தீர்ந்துபோகிற இடம் வரும் வரைக்கும் விட மாட்டார். தீர்ந்துபோன இடத்தில் நின்று, "இங்கதான் ஆள் சாவான், செலின்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அன்றிலிருந்து அந்த இடமே கண்ணுக்குள் நிற்கும்.

திருவிடைமருதூர் தைப்பூசத்துக்கு ஒரு வருஷம் எங்களைக் கூடுதல் காவலுக்குப் போட்டிருந்தார்கள். ஆற்றுத் துறைக்குப் போகும் வழியில் கூட்டம் கட்டிக்கொண்டது. நான் உள்ளே விடும் வழியைத் திறக்கப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். "வெளிய போற வாயத் தொறந்துட்டு வாங்க. உள்ள வர்ற வாய் எப்பவும் தானே தொறந்துக்கும்" என்றார். நான் ஓடிப்போய் அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் கூட்டம் தானாகவே நகர்ந்தது.

வாகனமில்லா ஞாயிறு என்று உத்தரவு வந்ததும், அந்தச் சாலையை அவரும் நானும் ஒரு மாலையில் நடந்து பார்த்தோம். எந்த வீட்டில் நிறைமாதப் பெண், எந்த வீட்டில் டயாலிசிஸ் நோயாளி, கல்யாண மண்டபத்தில் அன்றைக்கு முகூர்த்தம் உண்டா, மாதா கோவிலில் பூசை எப்போது முடியும், பூம்புகார்ப் பக்கமிருந்து மீன் ஏற்றி வருகிற வண்டிகள் எந்த வழியாக மார்க்கெட்டுக்குப் போகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே நடந்தோம். தடுப்புகளைச் சங்கிலி போட்டுப் பூட்டலாம் என்றேன். "சாவி வெச்சிருக்கிறவன் டீ குடிக்கப் போயிட்டா?" என்றார். அதனால் கயிற்றால் கட்டினோம், ஒரு இழுப்பில் அவிழ்ந்துவிடும் உருவு முடிச்சாக. ஒவ்வொரு தடுப்பிலும் நானே கட்டி, நானே இழுத்துப் பார்ப்பேன். அப்படியும் அங்கிருந்து நகர்ந்தபின் அந்த முடிச்சு இறுகிப்போயிருக்குமோ என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

முதல் சில ஞாயிறுகள் நல்லபடியாகப் போயின. ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் மேடைக்குப் பின்னால் தன் படத்தைப் பெரிதாக வைக்க வேண்டும் என்றார். வைத்துக்கொண்டார். கூத்தாநல்லூரிலிருந்து ஒரு குடும்பம் பேரன் பேத்திகளோடு வந்து சாலை நடுவில் ஸ்கிப்பிங் ஆடியது. வயதான டாக்டர் ஒருவர் மைக்கைப் பிடித்து, தினமும் நடங்கள், சோற்றைக் குறையுங்கள் என்றார். அரிசி விளைகிற ஊரில் சோற்றைக் குறை என்றதற்குப் பலரும் சிரித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கிழக்கே குழாய்ப் பிரச்சினை பெரிதானது. எரிவாயு கொண்டு போக ஒரு கம்பெனி வயல்களுக்கு நடுவே குழாய் புதைக்க அளந்துகொண்டிருந்தது. சம்பா கதிர் வாங்குகிற நேரத்தில் பயிருக்குள் இறங்கி மஞ்சள் கல் நட்டுவிட்டுப் போனார்கள். நட்ட வயல்களில் ஒன்று என் அக்காவுடையது.

அந்த நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அக்காவின் மாமனார் அதே வயலில் பண்ணை ஆளாக இருந்தவர். கூலிப் போராட்டத்தில் அடிபட்டு, ஜெயிலுக்குப் போய், குத்தகைக்காரராகி, பல வருஷம் கழித்துப் பட்டா வாங்கினார். அந்த ஊர் மிராசுதார் தெருவில் எங்கள் அப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. அந்தத் தெருவில் இப்போது அக்காவின் மகன் பைக்கில் போகிறான். பட்டா வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. அந்த நிலத்துக்குள் கல் நட்டால் அக்கா சும்மா இருக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். ஒரே ரத்தம். சீருடையில் இருப்பதால் அவள் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். போனால் அவளும் குழாயைப் பற்றிப் பேச மாட்டாள். பேச்சு எல்லாவற்றையும் சுற்றிப் போய்விட்டு அதற்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும்.

விவசாயிகள் டிராக்டர்களோடு நகரத்துக்கு ஊர்வலம் வர அனுமதி கேட்டார்கள். மறுக்கப்பட்டது. அனுமதி இல்லாவிட்டாலும் வருவோம் என்று அவர்கள் குறித்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வாகனமில்லா ஞாயிற்றுக்குக் கலெக்டர் வருவதாகவும் இருந்தது.

இருந்த ஆட்களையெல்லாம் டிராக்டர்களை மறிக்கப் புறவழிச்சாலைக்கு அனுப்பிவிட்டார்கள். இன்ஸ்பெக்டரும் அங்கேதான். சாலையில் நானும், கலைவாணியும், சில ஊர்க்காவல் படைக்காரர்களும். கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் என்னிடம், "ஊர்வலம் டவுனுக்குள்ள வரக்கூடாதுன்னு மேல ஆர்டர். தெரியும்ல?" என்றார்.

"தெரியும் சார்."

"உங்க அக்கா ஊரு அது."

"தெரியும் சார்" என்றேன். அவர் வண்டியில் ஏறிவிட்டார். அந்த முறை அவர் "அப்புறம்?" என்று கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

காலையில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். மேடைக்கு முன்னால் இளவட்டங்கள் நெருக்கி அடித்துக்கொண்டு ஆடினார்கள். மேற்கு முனைத் தடுப்பில் நான் நின்றிருந்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து பெண்கள் வருவதைப் பார்த்தேன். முதலில் பூசைக்கு வருகிறவர்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்தபோதுதான் தலைக்குக் கட்டியிருந்த பச்சைத் துண்டுகள் தெரிந்தன. ஆண்கள் டிராக்டரோடு மாட்டிக்கொண்டார்கள். பெண்கள் விடியும் முன்பே டவுன் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார்கள். பெண்களை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

இருநூறு பேருக்கு மேல் இருப்பார்கள். முன்னால் என் அக்கா.

அவள் தடுப்பின் முன் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். தெரிந்தவள் போலவே காட்டிக்கொள்ளவில்லை.

"எஸ்.ஐ. அம்மா, வணக்கங்க" என்றாள். "நாங்க உள்ள போகணும்."

நாற்பத்துச் சொச்சம் வருஷத்தில் என்னை அவள் வாடி போடி என்று தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. பக்கத்தில் ஊர்க்காவல் படைக்காரர்கள் இருந்தார்கள். எனக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாது என்று அவள் என்னை அந்நியமாக்கிக்கொண்டாள்.

"ஊர்வலத்துக்கு அனுமதி இல்லைங்க" என்றேன் நானும்.

"ஊர்வலம் இல்லீங்க. ரோட்ட அடச்சு எல்லாரையும் நடக்கச் சொல்லிருக்கீங்கள்ல. பேப்பர்ல போட்டிருந்துச்சு. நாங்களும் நடக்கத்தான் வந்திருக்கோம்."

"கலெக்டருக்கு மனு ஏதாவது?"

"மனு குடுத்துக் குடுத்துக் கை ஓஞ்சுபோச்சு. இன்னிக்கு மனு இல்ல. கொடி இல்ல. கோஷம் போட மாட்டோம். இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு நடந்துட்டு பஸ் ஏறிடுவோம்."

இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தேன். பின்னால் ஒரே இரைச்சல், டிராக்டர் ஹாரன்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"நடக்கத்தான் போறாங்களா?"

"அப்படித்தான் சொல்றாங்க சார்."

"நீங்க அங்க இருக்கீங்க, நான் இங்க இருக்கேன்" என்றார். போன் கட்டானது. அவர் வைத்தாரா, தானாகப் போனதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திருப்பி அனுப்பலாம். போக மாட்டார்கள். தடுப்பை ஒட்டி நிற்பார்கள். பின்னால் பஸ் ஸ்டாண்டு ரோடு முழுக்க வண்டிகள். நின்ற இடத்திலேயே அது மறியல் ஆகிவிடும். ஆயுதப்படை வரும். உள்ளே குழந்தைகள் ஸ்கேட்டிங் விடுகிற சாலை, இரண்டு பக்கமும் அடைத்த சாலை. தடியடி என்று ஒன்று ஆரம்பித்தால் இந்த முனையில் ஓடுகிறவர்கள் எல்லாரும் அந்த முனையில் போய்த்தான் முட்டுவார்கள். விட்டால் என் வேலைக்கு ஆபத்து. விடாவிட்டால் யாருடைய உயிருக்கு ஆபத்து என்று சொல்ல முடியாது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் முடிவை என் முகத்தில் தேடக் கூடாது என்பது போல.

கலைவாணிக்கு வாக்கி டாக்கியில் சொன்னேன். "கிழக்கு முனைய முழுசாத் தொறந்துடு. எல்லாத் தடுப்பையும் ஓரமாப் போடு. வண்டிய மட்டும் நிறுத்து. தொறந்துட்டுச் சொல்லு."

"ஏன் மேடம்?"

"தொறந்துட்டுச் சொல்லுடி."

திறந்தாகிவிட்டது என்று அவள் சொன்ன பிறகுதான் என் பக்கத்து முடிச்சை இழுத்தேன். முடிச்சு அவிழ்ந்தது.

"உட்காரக் கூடாது" என்றேன் அக்காவிடம். "யாரும் எங்கயும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"உட்கார மாட்டோங்க" என்றாள்.

நடந்தார்கள். வரப்பில் நடந்து பழகியவர்கள், அத்தனை அகலமான சாலையிலும் ஒருவர் பின் ஒருவராகவே போனார்கள். நான் கூடவே ஓரமாக நடந்தேன். இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள் வலையைத் தூக்கி வழிவிட்டார்கள். ஸ்கேட்டிங் குழந்தைகள் வரிசையாகக் குறுக்கே போனபோது முன்னால் போனவர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் வந்து நெருங்கினார்கள். கையை நீட்டி அவர்களை நிறுத்தினேன். மேடைக்குப் பக்கத்தில் வந்தபோது கட்சிக் கரை வேட்டிக்காரர் ஒருவர், வட்டச் செயலாளரின் ஆள், "யாருய்யா இவங்கள உள்ள விட்டது?" என்று கத்தினார்.

"நான்தான்" என்றேன்.

பாட்டுப் போடுகிறவர் பயந்துபோய் பாட்டை நிறுத்தப் போனார். கையைக் காட்டித் தடுத்தேன். திடீரென்று சத்தம் நின்றால் ஆடுகிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் திரும்புவார்கள். "கொஞ்சம் கொஞ்சமாக் கொறைங்க. கயிறு இழுக்கிற போட்டி கிழக்கு முனையில ஆரம்பிக்குதுன்னு சொல்லுங்க" என்றேன். சொன்னார். இளவட்டங்களில் பாதி அந்தப் பக்கம் ஓடியது. மேடை முன்னால் இடம் கிடைத்தது.

அந்த நேரத்தில் வரிசையின் நடுவில் ஒரு பாட்டி உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் மயக்கம் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் பின்னால் வந்தவர்களுக்குப் புரியவில்லை. உட்காரச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்து அடுத்தவர் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஒரு ஆள் உட்கார்ந்தால் வரிசை எப்படிச் சரியும் என்று பார்த்தால்தான் தெரியும். கண்ணிமைக்கிற நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். கரை வேட்டிக்காரர் போனை எடுத்து, "மறியல் பண்றாங்க, போர்ஸ அனுப்புங்க" என்று பேசத் தொடங்கிவிட்டார்.

நான் ஓடினேன். எனக்கு முன்னால் அக்கா ஓடினாள். "யாரும் உட்காராதீங்க. பெரியம்மாவுக்கு மயக்கம். எழுந்திருங்க, எல்லாரும் எழுந்திருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே ஒவ்வொருத்தியையும் தோளைப் பிடித்துத் தூக்கினாள். நடவில் நாற்றுக் கட்டுத் தூக்குகிற பிடி அது. நானும் மறுபக்கத்திலிருந்து தூக்கினேன். எழுந்தார்கள். பாட்டியால் மட்டும் எழ முடியவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

ஆடிக்கொண்டிருந்த பையன்களில் தாடி வைத்த ஒருவன் மேடை மேல் ஏறி, கலெக்டருக்காகத் துணி போர்த்தி வைத்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இதுல உக்கார வைங்க. நாங்க தூக்கிட்டு வர்றோம்" என்றான். பாட்டியை அதில் உட்கார வைத்தோம். நாலு பையன்கள் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வேர்வையில் நனைந்த பனியனும் ஷூவுமாக, ஆட வந்தவர்கள். பாட்டி அவர்களில் ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டார். வரிசை மறுபடி நகர்ந்தது. கிழக்கு முனை திறந்திருந்தது. ஆம்புலன்ஸ் அங்கேயே நின்றது.

ஆயுதப்படை வேன் வந்து நின்றபோது, கடைசிப் பெண் பஸ் ஸ்டாப்பில் இருந்தாள். வேனிலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கினார். சாலையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். கயிறு இழுக்கிற போட்டி நடந்துகொண்டிருந்தது.

"யாரோ உட்கார்ந்தாங்கன்னு தகவல்."

"ஒருத்தங்களுக்கு மயக்கம் சார்."

"அப்புறம்?"

"எழுந்துட்டாங்க சார். போயிட்டாங்க."

அவர் தலையாட்டினார். கலெக்டர் அன்று வரவே இல்லை.

மெமோ வந்தது. அனுமதி மறுக்கப்பட்ட ஊர்வலத்தை ஏன் அனுமதித்தாய் என்று கேட்டிருந்தார்கள். விசாரணை முடியும் வரை இருந்த மாதங்களை நான் விவரிக்கப் போவதில்லை. தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பேன். விசாரணையில் இன்ஸ்பெக்டர், என்னோடு போனில் பேசியதையும் தான் தடுக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவருக்கும் மெமோ கொடுத்தார்கள். இருவரையும் எச்சரித்து விட்டுவிட்டார்கள். அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். என்னை ஓய்வு பெறும் வரை அலுவலகத்துக்குள் உட்கார வைத்தார்கள். வாகனமில்லா ஞாயிற்றை நிறுத்திவிட்டார்கள். குழாய் நிற்கவில்லை. அறுவடை முடிந்ததும் அக்காவின் வயலைத் தோண்டிப் புதைத்தார்கள். அடிமண் மேலே வந்துவிட்டதால் அந்த இடத்தில் மட்டும் பயிர் இப்போதும் வெளிறித்தான் நிற்கிறது.

ஓய்வு பெற்ற பிறகுதான் அக்கா வீட்டுக்குத் தயக்கமில்லாமல் போக முடிந்தது. ஒரு நாள் வயலுக்கு அவளோடு போனேன். அவள் வரப்பில் உட்கார்ந்து களை பிடுங்கிய கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக வயிற்றுக்குள் கிடந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு நான் விடலேன்னா என்ன பண்ணிருப்பே?"

"தடுப்புக்கிட்டயே உட்கார்ந்திருப்பேன்" என்றாள்.

"போலீஸ் தூக்கியிருக்கும்."

"தூக்கட்டும். பொம்பளைங்ககிட்ட மொதல்லயே சொல்லி வெச்சிருந்தேன். என்னத் தூக்குறதுன்னா செலினுதான் தூக்கணும், வேற யாரு கையும் என் மேல படக் கூடாதுன்னு" என்றாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நீ தூக்கிருப்பேல்ல?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மடையைப் பார்க்கப் போய்விட்டாள்.